மு, கோ, ஸ்ரீ: ஒரு சிறிய லைப்ரரியைப் பராமரித்து அறிந்தவை

முருகன் என்ற பெயரின் முதலெழுத்து எது என்று கேட்டால் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ‘மு’ என்று சொல்லும். பெரும்பாலான நிரல்மொழிகள் ‘ம’ என்று சொல்லும். கோமதிக்கு ‘க’ என்றும் ஸ்ரீதருக்கு ‘ஸ’ என்றும் சொல்லும். ஊழியர் பட்டியல் ஒன்றில், புகைப்படம் கொடுக்காதவர்களுக்கு வண்ண வட்டத்துக்குள் முதலெழுத்தைக் காட்டும் வேலை என்னிடம் வந்தபோதுதான் இந்த வேறுபாடு எத்தனை பேரைத் தொடுகிறது என்று கண்டேன். ஆங்கிலத்தில் பெயர் கொடுத்தவர்களுக்கு வட்டம் சரியாக இருந்தது. தமிழில் கொடுத்தவர்களுக்கு மட்டும் அது வேறு யாருடைய பெயரோ போல இருந்தது. அதைச் சரிசெய்ய எழுதிய சில வரிகள்தான் பிறகு தனி லைப்ரரியாகி, அதாவது பிறர் தம் நிரலில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல்தொகுப்பாகி, யாரும் எடுத்து மாற்றிப் பயன்படுத்தக்கூடிய திறமூல உரிமத்தில் வெளியாயின. இன்றும் என் மாலைப் பொழுதில் ஒரு பங்கு அதற்குத்தான் போகிறது.

சிறிய லைப்ரரி ஒன்றை உருவாக்க நினைக்கும் இளையவர்கள் என்னிடம் நிரலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நிரல் விரைவில் முடிந்துவிடும். லைப்ரரி எதைச் செய்யாது என்று தீர்மானிப்பதும், அந்தத் தீர்மானத்தை ஆண்டுக்கணக்கில் காப்பாற்றுவதும்தான் உழைப்பை வாங்குகின்றன. நான் எழுத வந்தது அதைப் பற்றியே.

முதலில் கோளாறின் வேரைப் பார்த்துவிடலாம். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு தொகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. நம் 247 எழுத்துகளும் அதில் தனித்தனியே இல்லை. உயிரெழுத்துகள் இருக்கின்றன, அகரம் ஏறிய மெய்கள் இருக்கின்றன, உகரக் குறி, ஓகாரக் குறி, புள்ளி முதலியவை தனித்தனிக் குறியீடுகளாக இருக்கின்றன. ‘மு’ என்பது மகரமும் உகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். ஆகவே ‘முருகன்’ நமக்கு நான்கு எழுத்து, கணினிக்கு ஏழு குறியீடு. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வீதம் 21 பைட். ஜாவாஸ்கிரிப்டிலோ பைத்தானிலோ நீளம் கேட்டால் 7 என்று வரும். ஸ்விஃப்ட் போன்ற சில மொழிகள் மட்டும் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணுவதால் 4 என்கின்றன.

வட்டத்துக்குள் தவறான எழுத்து வருவது இதன் விளைவுகளில் சிறியது. நீண்ட தலைப்பை வெட்டி மூன்று புள்ளி வைக்கும் இடத்தில் வெட்டு நடுவில் விழுந்தால் ‘அவன்’ என்பது ‘அவன’ ஆகிவிடும். சொல்லைத் திருப்பிப் போடச் சொன்னால் ‘தமிழ்’ என்பதில் மகரத்தின் மேல் இருந்த இகரக் குறி ழகரத்தின் மேல் போய் உட்கார்ந்து ‘ழி’ ஆகும். புள்ளி தனியே முன்னால் நிற்கும். பிள்ளைகளுக்கான சொல் விளையாட்டில் ‘நான்கெழுத்துச் சொல்’ என்று கேட்டுவிட்டு ‘முருகன்’ என்ற விடையைத் தவறு என்று காட்டினால் அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்? தமிழ் கணினியில் ஒழுங்காக வராது என்று நினைக்கும். அந்த எண்ணம் விதைக்கப்படக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

எழுத்துகளைப் பிரிக்கும் விதி எளியதுதான். ஒரு மெய் வந்தால் அதன் பின்னால் வரும் உயிர்க்குறியையோ புள்ளியையோ அதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. பத்து வரியில் எழுதிவிடலாம். அந்தப் பத்து வரியை வெளியே கொடுப்பதற்கு முன் நான் எடுத்த முடிவுகளில் மிகவும் பயன்பட்டது ஒன்று: பிரித்ததை மறுபடி ஒட்டினால் கொடுத்த உரை அப்படியே, ஒரு குறியீடுகூட மாறாமல் திரும்பி வர வேண்டும். தமிழும் ஆங்கிலமும் கலந்த வரியானாலும், இமோஜி நடுவில் இருந்தாலும், யாரோ தவறாகத் தட்டச்சிட்ட தனிப் புள்ளி முதலில் நின்றாலும் இது பொய்க்கக் கூடாது. இதையே ஒரு சோதனையாக எழுதி, தற்செயலாக உருவாக்கிய ஆயிரக்கணக்கான உரைகளை அதற்குள் ஓட்டினேன். எடுத்துக்காட்டுகளை ஒவ்வொன்றாக யோசித்து எழுதும் சோதனைகள் நமக்குத் தெரிந்த இடர்களை மட்டுமே பிடிக்கும். என்றும் மாறாத ஒரு பண்பைச் சொல்லி அதை உடைக்கப் பார்க்கும் சோதனை நாம் யோசிக்காதவற்றையும் கொண்டுவந்து காட்டும். சிறிய லைப்ரரி எழுதும் எவரும் முதலில் தேட வேண்டியது இப்படி ஒரு பண்பைத்தான்.

அந்தப் பண்பு ஒரு பெரிய கேள்விக்கும் விடை சொன்னது. ‘கொ’ என்ற எழுத்தை இரண்டு வழிகளில் எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறி என்ற ஒரே குறியீட்டைச் சேர்க்கலாம். அல்லது ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. யூனிகோடும் இரண்டும் சமம் என்கிறது. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் இயல்பாக்க முறைகளுக்கும் விதி வகுத்திருக்கிறது. பிரிக்கும்போதே உரையை இயல்பாக்கிக் கொடுத்துவிடலாமே என்று பயனர்கள் பலர் கேட்டார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் அப்படிச் செய்தால் ஒட்டும்போது பழைய உரை திரும்பாது. பயனருக்குத் தெரியாமல் அவருடைய உரையைத் தொடும் கருவியை ஒரு காப்பகமோ அகராதித் திட்டமோ நம்பிப் பயன்படுத்த முடியாது. எனவே பிரிப்பது வேறு, இயல்பாக்குவது வேறு என்று வைத்தேன். ஜாவாஸ்கிரிப்டிலும் பைத்தானிலும் இயல்பாக்கம் உள்ளேயே இருக்கிறது. வேண்டுபவர் அதை முதலில் அழைத்துக்கொள்ளலாம். ஒரு பயனர் இரண்டு வரி எழுத வேண்டியிருப்பது பெரிய இழப்பில்லை.

வெளியிட்ட முதல் வாரங்களில் யாரும் வரவில்லை. பிறகு வந்த முதல் மடல் உரிமத்தைப் பற்றியது. ஒரு பழைய சோதனைத் திட்டத்தை உரிமக் கோப்பு இல்லாமலே பொதுவில் வைத்திருந்த நண்பருக்கு வந்த மடல் அது; அவர் அதை எனக்கு அனுப்பிவைத்தார். “உங்கள் நிரலைப் பயன்படுத்த விரும்புகிறோம், ஆனால் எங்கள் சட்டப் பிரிவு அனுமதிக்கவில்லை” என்று ஒருவர் எழுதியிருந்தார். பொதுவில் வைத்திருப்பதாலேயே ஒரு நிரல் எல்லோருக்கும் உரியதாகிவிடாது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பின் வரிசையில் வைத்துப் பாதுகாக்கிறது. உலகின் பெரும்பகுதியில் நிலைமை இதுவே. உரிமம் எழுதாவிட்டால் எல்லா உரிமையும் எழுதியவரிடமே தங்கிவிடும். நான் எம்ஐடி உரிமத்தைத் தேர்ந்தேன். ஒரு பக்கத்துக்கும் குறைவான உரை. பெயரையும் குறிப்பையும் நீக்காமல் எதற்கும் பயன்படுத்தலாம், எந்த உத்தரவாதமும் கிடையாது என்பதே சாரம். இவ்வளவு சிறிய பயன்பாட்டு லைப்ரரிக்கு அதைவிடக் கனமான உரிமம் தேவையில்லை என்பது என் கருத்து. பெரிய மென்பொருளுக்கு வேறு கணக்கு.

விளக்கக் கோப்பில் முதல் திரைக்குள் மூன்று விஷயங்கள் தெரிந்தாக வேண்டும்: இது என்ன செய்யும், ஓர் உதாரணம், எதைச் செய்யாது. மூன்றாவதைப் பலர் எழுதுவதில்லை. அதை எழுதிய பிறகு எனக்கு வரும் கேள்விகள் பாதியாகக் குறைந்ததாகவே உணர்கிறேன்.

ஸ்ரீ விவகாரத்துக்கு வருகிறேன். என் லைப்ரரிக்கு நேர்ந்த மிகக் கடினமான கேள்வி அதுதான்.

‘ஸ்ரீ’ என்பது நான்கு குறியீடுகள்: ஸகரம், புள்ளி, ரகரம், ஈகாரக் குறி. எழுத்துரு அதை ஒரே வடிவமாகக் காட்டுகிறது. யூனிகோடின் பிரிப்பு விதிப்படி அது ‘ஸ்’, ‘ரீ’ என்ற இரண்டு துண்டுகள். ‘க்ஷ’வும் அப்படியே ‘க்’, ‘ஷ’ என்று இரண்டாகப் பிரியும். தேவநாகரி, மலையாளம் போன்ற சில எழுத்துமுறைகளுக்கு 2023இல் வந்த யூனிகோடு 15.1 பதிப்பில் கூட்டெழுத்தைப் பிரிக்காமல் வைக்கும் விதி ஒன்று சேர்ந்தது. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். தமிழில் புள்ளி பெற்ற மெய் தனி எழுத்து. பொது விதியில் அதை அடுத்த எழுத்தோடு ஒட்டினால் ‘அக்கா’ இரண்டெழுத்துச் சொல்லாகிவிடும்.

ஆனால் ஸ்ரீதரின் வட்டத்துக்குள் ‘ஸ்’ என்று காட்டினால் ஸ்ரீதர் ஏற்பாரா? நெல்லைப் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதினார். தன் வகுப்புக்குச் சொல் விளையாட்டு ஒன்றைத் தானே கற்றுக்கொண்டு செய்துகொண்டிருந்தார். “ஐயா, என் மாணவி ஸ்ரீமதி தன் பெயரில் மூன்று எழுத்து என்கிறாள், விளையாட்டு நான்கு என்கிறது. அவள் சொல்வதுதானே சரி?” என்று கேட்டிருந்தார். அவள் கண்ணுக்குத் தெரிவது மூன்றுதான். அதே சமயம் யூனிகோடு விதியை நம்பி லைப்ரரியை வேறு கருவிகளோடு இணைத்திருந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய எண்ணிக்கை மற்றக் கருவிகளின் எண்ணிக்கையோடு ஒத்துப்போக வேண்டும்.

ஒரு தெரிவை வைத்துவிடலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். பிரிக்கும் ஃபங்ஷனுக்கு, அதாவது அந்த வேலையைச் செய்யும் நிரல்துண்டுக்கு, இரண்டாவது மதிப்பாக ‘ஆம்’ கொடுத்தால் ஒரு விதி, ‘இல்லை’ கொடுத்தால் வேறு விதி. நான் அதற்கு உடன்படவில்லை. ஒரு தெரிவு சேர்ந்தால் சோதிக்க வேண்டிய நிலைகள் இரட்டிப்பாகின்றன. மூன்று தெரிவு சேர்ந்தால் எட்டு மடங்கு. நிரலைப் படிப்பவருக்கும் அந்த ‘ஆம்’ எதைக் குறிக்கிறது என்று தெரியாது. அதற்குப் பதிலாக வேறு பெயரில் இரண்டாவது ஃபங்ஷனை எழுதினேன்: ‘ஸ்ரீ’யையும் ‘க்ஷ’ வரிசையையும் ஒன்றாக வைக்கும், மற்றதெல்லாம் முதலாவதைப் போலவே. முன்பே பயன்படுத்திக்கொண்டிருந்த எவருக்கும் எதுவும் மாறவில்லை. ஆசிரியையின் விளையாட்டில் ஒரு பெயர் மட்டும் மாறியது.

அது வெளியான பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மாணவி ஓர் உரைத்துண்டை அனுப்பி, இதில் பிரிப்பு வேலை செய்யவில்லையே என்று கேட்டார். உற்றுப் பார்த்தால் அவர் தட்டச்சிட்டது ‘ஶ்ரீ’. 2005இல் யூனிகோடு 4.1 பதிப்பில் சேர்ந்த ஶகரத்தால் எழுதப்பட்டது. பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். அவருடைய துண்டை அப்படியே சோதனைக் கோப்பில் சேர்த்தேன். பயனர் அனுப்பும் ஒவ்வொரு துண்டையும் திருத்தம் செய்வதற்கு முன்பே சோதனையாக வைத்துவிடுவது என் வழக்கம். இன்று அந்தச் சோதனைக் கோப்பு நிரலைவிடப் பலமடங்கு பெரியது. லைப்ரரியின் உண்மையான செல்வம் அந்தக் கோப்பு என்பேன். நிரலை யார் வேண்டுமானாலும் திரும்ப எழுதிவிடலாம்.

பதிப்பு எண்ணைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். மூன்று எண்களில் முதலாவது மாறினால் பழைய பயன்பாடு உடையலாம், இரண்டாவது மாறினால் புதிதாக ஏதோ சேர்ந்திருக்கிறது, மூன்றாவது மாறினால் திருத்தம் மட்டும் என்பது வழக்கம். எது உடைப்பு என்பதில்தான் சிக்கல். ஹைரம் ரைட் என்ற கூகுள் பொறியாளரின் பெயரால் வழங்கும் ஒரு விதி இருக்கிறது: பயனர்கள் போதிய அளவு பெருகினால், நீங்கள் ஆவணத்தில் என்ன வாக்களித்தாலும், வெளியே தெரியும் ஒவ்வொரு நடத்தையையும் யாராவது ஒருவர் நம்பியிருப்பார். வெற்று உரைக்கு வெற்றுப் பட்டியல் தருவதா, வெற்று உரை ஒன்று உள்ள பட்டியல் தருவதா என்பதுகூட யாரோ ஒருவருடைய திரையைத் தாங்கிக்கொண்டிருக்கும். ஆகவே சந்தேகம் வந்தால் முதல் எண்ணை ஏற்றிவிடுவேன். எண்ணுக்கு விலை இல்லை.

மறுத்த கோரிக்கைகளில் ஒன்றை விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் அதில் அனுப்பியவரின் உழைப்பும் அக்கறையும் நிறைய இருந்தன. ஔகாரக் குறியின் இரண்டாம் பகுதி பார்வைக்கு ளகரம் போலவே இருக்கும். அதனால் ‘கௌசல்யா’ என்பதைக் ககரம், ஒற்றைக்கொம்பு, ளகரம் என்று ‘கெளசல்யா’வாகத் தட்டச்சிடுபவர்கள் ஏராளம். ‘மௌனம்’ என்று தேடினால் ‘மெளனம்’ கிடைக்காது. யூனிகோடின் இயல்பாக்கமும் இதைத் தொடாது, ஏனென்றால் அதன் கணக்கில் இவை இரண்டும் வேறு வேறு சொற்கள். ஒற்றைக்கொம்பை அடுத்து உயிர்க்குறி இல்லாத ளகரம் வந்தால் அதை ஔகாரமாக மாற்றும் நிரலை ஒருவர் எழுதி அனுப்பினார். ‘தெளிவு’, ‘கெளுத்தி’ போன்ற சொற்களில் ளகரத்தின் மேல் குறி இருப்பதால் அவை தப்பிவிடும் என்பதையும் கவனமாகப் பார்த்திருந்தார். நல்ல வேலை. ஆனால் வட்டார வழக்கில் எழுதப்பட்ட கதைகளை அதற்குள் ஓட்டிப் பார்த்தேன். ‘வெளக்கு’ என்பது ‘வௌக்கு’ ஆனது. ‘கெளம்பு’ என்பது ‘கௌம்பு’ ஆனது. எழுத்தாளர் ஊர்ப் பேச்சைத் தேடித் தேடி வைத்த சொற்கள் அவை. பெயர்ப் பட்டியலுக்கு நன்மை செய்யும் விதி, சிறுகதைத் தொகுப்பைச் சிதைக்கிறது. பிழைதிருத்தியின் வேலை இது, மனிதர் ஒருவர் பார்த்து ஒப்ப வேண்டிய வேலை என்று விளக்கி, இந்த உதாரணங்களோடு பதில் எழுதினேன். அவர் அதைத் தனி லைப்ரரியாக வெளியிட்டார். என் விளக்கக் கோப்பிலிருந்து அதற்கு ஓர் இணைப்பு கொடுத்தேன். மறுக்கும்போது காரணத்தை உதாரணத்தோடு காட்ட வேண்டும், போக வேறு வழியும் காட்ட வேண்டும். ‘வேண்டாம்’ என்று ஒற்றைச் சொல்லில் மூடிவிடுவது, பொழுதை நமக்காகச் செலவிட்ட ஒருவரைப் புண்படுத்துவதாகும்.

இனி எதிர்ப்பக்கம்: பிறர் எழுதிய சிறிய லைப்ரரிகளை நாம் எப்போது சேர்ப்பது?

2016 மார்ச்சில் நடந்ததை ஜாவாஸ்கிரிப்ட் உலகில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெயர் உரிமை தொடர்பான தகராறு ஒன்றில் மனம் வெறுத்த ஒருவர், தான் வெளியிட்டிருந்த 250க்கும் மேற்பட்ட லைப்ரரிகளை என்பிஎம் என்ற பொது லைப்ரரிக் களஞ்சியத்திலிருந்து நீக்கினார். அவற்றில் ஒன்று லெஃப்ட்-பேட். உரையின் இடப்பக்கத்தில் தேவையான அளவு இடைவெளியோ பூஜ்யமோ நிரப்பும் 11 வரி நிரல். பேபல் உட்படப் பெரிய கருவிகள் அதை நேராகவோ சுற்றிவளைத்தோ நம்பியிருந்ததால் உலகெங்கும் மென்பொருள் கட்டுமானங்கள் நின்றன. சில மணி நேரத்தில் களஞ்சியம் அதைத் திரும்ப வைத்தது. வெளியிட்டதை எளிதில் நீக்க முடியாதபடி விதிகளும் மாறின. சிறிய லைப்ரரிகளே வேண்டாம் என்று அன்று பலர் முடிவுகட்டினார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை.

வரியின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, அந்த வேலைக்குள் மறைந்திருக்கும் மூலைமுடுக்குகளை எண்ண வேண்டும். ஓர் எண் ஒற்றைப்படையா என்று சொல்வதற்கும் ஒரு லைப்ரரி இருக்கிறது. அதை நம்பி, இரட்டைப்படையா என்று சொல்ல இன்னொன்று இருக்கிறது. இவற்றை நான் சேர்க்க மாட்டேன், ஒரு வரியில் சரியாக எழுதிவிடலாம். காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி கோப்பைப் படிப்பது பார்வைக்கு அதைவிடக் கொஞ்சமே பெரிய வேலை. ஆனால் மேற்கோள் குறிக்குள் காற்புள்ளி வரலாம், மேற்கோள் குறிக்குள் வரி முறியலாம், மேற்கோள் குறிக்குள்ளேயே இரட்டித்த மேற்கோள் குறி வரலாம். நேர மண்டலம், மின்னஞ்சல் தலைப்பு, எழுத்துப் பிரிப்பு எல்லாம் இப்படித்தான். பிறர் பட்ட அடியெல்லாம் அந்த லைப்ரரியின் சோதனைக் கோப்பில் பதிவாகியிருக்கும். அதற்காகத்தான் நாம் அதைச் சேர்க்கிறோம்.

எனவே புதிய லைப்ரரி ஒன்றைப் பார்த்தால் முதலில் சோதனை அடைவைத் திறக்கிறேன். பிறகு உரிமக் கோப்பு. பிறகு அது வேறு எத்தனை லைப்ரரிகளை இழுத்துவருகிறது என்ற பட்டியல். நான் ஒன்றைச் சேர்க்கும்போது அது முப்பதைக் கூட்டிவந்தால் தயங்குவேன். விரும்பியவர்கள் இட்ட நட்சத்திரக் குறிகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. இரண்டு ஆண்டுகளாக மாற்றமே இல்லை என்பதைக் குறையாகவும் கொள்வதில்லை. எழுத்தைப் பிரிக்கும் வேலையில் மாற வேண்டியது என்ன இருக்கிறது? மூடப்பட்ட கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள் என்பேன். பராமரிப்பவர் பதில் சொல்லும் விதத்தில் அவருடைய தீர்ப்பு தெரிந்துவிடும். சேர்த்த பிறகு எந்தப் பதிப்புகள் சேர்ந்தன என்று குறித்துவைக்கும் லாக் கோப்பை நம் நிரலின் களஞ்சியத்தில் சேமிக்க வேண்டும்; இன்று சோதித்த பதிப்புதான் நாளை உற்பத்திக் கணினியிலும் ஏற வேண்டும்.

பராமரிப்பைக் கைமாற்றுவதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கவலை வருகிறது. 2018இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற சிறிய லைப்ரரியின் ஆசிரியர், தான் இனிப் பயன்படுத்தாத ஒன்றை ஆர்வமாகக் கேட்டு வந்த ஒருவரிடம் கொடுத்தார். வந்தவர், பிட்காயின் பணப்பை ஒன்றைக் குறிவைத்த தீய நிரலை வேறொரு லைப்ரரி வழியாக உள்ளே நுழைத்தார். 2024 மார்ச்சில் அதைவிடப் பெரிதாக எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியில் நடந்தது. தனி ஆளாகச் சோர்ந்திருந்த பராமரிப்பாளருக்கு இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக உதவிசெய்து நம்பிக்கை பெற்ற ஒரு கணக்கு, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளத்தனமாக உள்ளே நுழைய ஒரு பின்கதவு வைத்தது. மைக்ரோசாஃப்டில் பணிபுரியும் ஆந்த்ரெஸ் ஃபிராயிண்ட், தொலைக்கணினியில் நுழைவது அரை விநாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிப் பார்த்ததால் அது வெளிப்பட்டது. அந்தத் தாமதத்தைப் பொருட்படுத்தாமல் விட்டிருந்தால் உலகின் எத்தனை வழங்கிகள் (சர்வர்கள்) திறந்து கிடந்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் நடுக்கமாக இருக்கிறது.

இவற்றுக்கெல்லாம் அந்த ஆசிரியர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஊதியமின்றி ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள் அவர்கள். ‘ஏன் இன்னும் வெளியிடவில்லை’ என்று அவசரப்படுத்தும் மடல்கள் எக்ஸ்இசட் பராமரிப்பாளருக்கும் வந்தன. எனக்கும் அப்படிப்பட்ட மடல்கள் வருவதுண்டு. பதில் சொல்லக் கால வரையறை இல்லை என்று விளக்கக் கோப்பிலேயே எழுதிவைத்துவிட்டேன். உதவ வருபவர்களை வரவேற்கிறேன். அவர்கள் திருத்தம் அனுப்பலாம், நான் படித்துச் சேர்ப்பேன். வெளியிடும் உரிமையை மட்டும் முகம் தெரியாதவருக்குக் கொடுப்பதில்லை. என்னால் முடியாத நாள் வந்தால் களஞ்சியத்தைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடுவேன். வேண்டுபவர் தம் பெயரில் கிளை பிரித்துத் தொடரலாம், பயனர் தெரிந்தே அதற்கு மாறுவார். கணக்குக்கு இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பு வைத்திருக்கிறேன், மடலில் வரும் இணைப்பு வழியாக ஒருபோதும் உள்நுழைவதில்லை. 2025 செப்டம்பரில் சாக், டிபக் போன்ற மிகப் பரவலான லைப்ரரிகளின் பராமரிப்பாளர் போலி மடலால் ஏமாற்றப்பட்டு அவற்றில் தீய நிரல் ஏறியபோது, அந்த மடல் எவ்வளவு நம்பும்படி இருந்தது என்று எல்லோரும் பார்த்தோம்.

சிறிய லைப்ரரிக்கு ஆயுள் உண்டு. லெஃப்ட்-பேட் செய்த வேலையைச் செய்யும் பேட்ஸ்டார்ட் 2017இல் ஜாவாஸ்கிரிப்டுக்குள்ளேயே வந்துவிட்டது. பைத்தானின் நேர மண்டலங்களுக்கு எல்லோரும் சேர்த்துவந்த தனி லைப்ரரியின் இடத்தில் 2020இல் 3.9 பதிப்பு சோன்இன்ஃபோவைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு, தேதிகளைக் கையாளும் மொமென்ட் லைப்ரரியின் குழு, இனிப் புதிய திட்டங்களுக்கு எங்களைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று தாங்களே அறிவித்தது. உச்சத்தில் இருந்த ஒரு லைப்ரரி இப்படிச் சொன்னதை நான் பெருமதிப்போடு பார்க்கிறேன்.

என் பக்கத்திலும் அது நடந்தது. யூனிகோடு விதிப்படி எழுத்துகளைப் பிரிக்கும், ஜாவாஸ்கிரிப்டின் செக்மென்டர் வசதி 2020 இறுதியில் குரோமிலும் 2021இல் சஃபாரியிலும் வந்தது. 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸிலும் வந்து சேர்ந்ததும் நான் விளக்கக் கோப்பின் மேல் வரியை மாற்றினேன்: உங்கள் பயனர்களின் உலாவிகள் புதியவை என்றால் முதல் ஃபங்ஷனுக்கு இந்த லைப்ரரி தேவையில்லை, செக்மென்டரைப் பயன்படுத்துங்கள். மாறும் முறைக்கு ஒரு சிறு எடுத்துக்காட்டும் கீழே வைத்தேன். லைப்ரரியில் இருந்த, சொற்களை வரிசைப்படுத்தும் பகுதியையும் அப்படியே ஓய்வுபெறச் செய்தேன். குறியீட்டு எண்படி அடுக்கினால் ழகரம் வகரத்துக்கு முன்னால் இருப்பதால் பழனி பவானிக்கு முந்திவிடும். புள்ளி எல்லா மெய்களுக்கும் உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருப்பதால் அகம் அக்காவுக்கு முந்திவிடும். அகராதி வரிசையில் அடுக்கும் கொலேட்டர் வசதி ஜாவாஸ்கிரிப்டில் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே ஓட்டும் நோட் 13ஆம் பதிப்பிலிருந்து எல்லா மொழிகளின் தரவும் அதனுடனே வருவதால் வழங்கியிலும் தமிழ் என்று சொன்னால் போதும். ஓய்வுபெற்ற ஃபங்ஷன்களை நீக்கவில்லை. அழைத்தால் முன்போலவே வேலை செய்யும், இதற்கு மாற்று இருக்கிறது என்ற குறிப்பை மட்டும் காட்டும். பழைய பதிப்பில் இருப்பவர் தன் வசதிப்படி மாறட்டும்.

பதிவிறக்கம் குறைகிறதே என்று ஒரு நண்பர் வருத்தப்பட்டார். குறைந்தால் நல்லது என்று அவரிடம் சொன்னேன். அத்தனை திட்டங்களில் தமிழ் இப்போது கூடுதல் சார்பு ஏதுமின்றிச் சரியாக வருகிறது என்றுதான் அதற்குப் பொருள்.

லைப்ரரியின் பைத்தான் வடிவத்தில் நிலைமை வேறு. நான் ஆதரிக்கும் பதிப்புகளில் எழுத்துப் பிரிப்பு உள்ளே இல்லை. ரெஜெக்ஸ் என்ற தனி லைப்ரரியைச் சேர்த்தால் கிடைக்கும். ஒரு பெயரின் முதலெழுத்துக்காக அவ்வளவு பெரிய கருவியைச் சேர்க்க முடியாதவர்களுக்கு என்னுடையது இன்னும் தேவைப்படுகிறது. அங்கே இரண்டு திருத்தங்கள் காத்திருக்கின்றன; அவற்றில் ஒன்றுக்கு உங்கள் உதவி வேண்டும். அது, சொல்லின் நடுவே கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் இணைப்பான் குறியீடுகளைப் பற்றியது. பழைய ஆவணங்களிலிருந்து நகலெடுத்த உரைகளில் அவை அடிக்கடி வருகின்றன. உங்களிடம் அப்படிப்பட்ட உரைத்துண்டு இருந்தால், நிரல் எழுதத் தெரியாவிட்டாலும், அதை அப்படியே அனுப்புங்கள். சோதனைக் கோப்பில் சேர்த்துவிடுகிறேன்.